கையில் கொடுத்த துண்டு

1

போன சனிக்கிழமை ஒயிலாட்டப் பயிற்சிக்கு நடுவில் முத்துப்பாண்டி ஒரு செய்தி சொன்னான். அன்றிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை.

"எங்க சித்தப்பா போன் போட்டாருக்கா. இந்தச் சித்திரைக்கும் நம்ம செட்டு வந்து ஆடணுமாம். ஒருத்தர் விடாம வரச் சொன்னாரு."

அப்பாஸ் தவிலின் வாரை இழுத்து இழுத்துப் பார்த்தான். ஜானகி தண்ணீர் குடிக்கப் போனாள். நான் செல்வத்தைப் பார்த்தேன். அவன் தலையைக் குனிந்து சலங்கையை அவிழ்த்து மறுபடி கட்டிக்கொண்டிருந்தான்.

என்னைத் தெரியாதவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். பெயர் மஞ்சுளா. மதுரை கீழவாசல் பக்கம் பிறந்தவள். இங்கே நியூசிலாந்தில், ஹாமில்டன் என்ற ஊரில், மருந்துக்கடையில் வேலை. புல், மாடு, மழை, இந்த மூன்றும்தான் ஊர். மதுரை வெயிலில் வெந்தவளுக்கு இங்கே வந்து முதல் இரண்டு வருடம் ஜலதோஷம் விடவே இல்லை. பயப்படுவதில் எனக்கு ஈடு கிடையாது. கதவைப் பூட்டிவிட்டுப் பாதி வழி போய்த் திரும்பி வந்து இழுத்துப் பார்க்கிற ஜாதி நான். என் வீட்டுக்காரர், "நீ பயப்படுறதுக்கே ஒரு சம்பளம் குடுக்கலாம்டி" என்பார்.

பயிற்சி நடப்பது ஒரு தேவாலயத்தின் பின்கட்டுக் கூடத்தில். அதை வாடகைக்கு எடுக்க வருடா வருடம் விண்ணப்பம் நிரப்ப வேண்டும். 'உங்கள் நிகழ்ச்சியில் உள்ள அபாயங்கள் எவை' என்று அதில் ஒரு கட்டம். கால் வழுக்கலாம், சலங்கை மணி தெறித்துக் காலில் குத்தலாம் என்று எழுதிக் கொடுப்பேன். 'குழுவினரின் இனப் பின்னணி' என்று இன்னொரு கட்டம். எல்லோருக்கும் சேர்த்துத் 'தமிழர்' என்று ஒரே சொல். கூடத்துப் பொறுப்பாளர் அம்மாள் அதைப் பார்த்து, "உங்களுக்கு எவ்வளவு எளிது, மற்ற குழுக்காரர்கள் இந்தக் கட்டத்துக்கு மட்டும் தனித்தாள் இணைக்கிறார்கள்" என்றார். நானும் சிரித்து வைத்தேன்.

2

எளிதாவது ஒன்றாவது. எங்கள் வீட்டில் பேசுவது சௌராஷ்டிரா. எத்தனை தலைமுறை மதுரையில் இருந்தாலும், "நீங்க வீட்டுல பேசுறது என்ன பாஷைங்க?" என்று எவராவது கேட்டுக்கொண்டேதான் இருப்பார்கள். ஜானகி கோயில் குருக்கள் வீட்டுப் பெண், இங்கே பள்ளியில் கணக்கு டீச்சர். அப்பாஸுக்குக் கோரிப்பாளையம், தர்காவுக்கு எதிர்ச்சந்து. இங்கே பால் லாரி ஓட்டுகிறான். தவில் கிடைக்கும்வரை பெயின்ட் வாளியைக் கவிழ்த்துப்போட்டு அவன் அடித்த அடிக்குத்தான் நாங்கள் ஆடக் கற்றோம். முத்துப்பாண்டி உசிலம்பட்டிக்கு மேற்கே ஒரு கிராமம். மாட்டுப் பண்ணையில் வேலை. இந்த ஆட்டம் அவன் ஊர்ச் சொத்து, எங்களுக்குச் சொல்லிக்கொடுத்தவன் அவன்தான்.

செல்வம் முதியோர் இல்லத்தில் நர்ஸ். ஊர் எது என்றால், "வாடிப்பட்டிப் பக்கம்" என்பான். பக்கம் என்றால் எந்தப் பக்கம் என்று மதுரைக்காரர்கள் விடமாட்டோம். எந்த ஊர், எந்தத் தெரு, யார் வீடு என்று மூன்று கேள்வியில் ஆளின் அடிவேர்வரை போய்விடுவோம். இங்கே வந்தபிறகு மட்டும் அதைக் கேட்பதில்லை என்று எங்களுக்குள் ஒரு பேசாத ஒப்பந்தம். அதை நாகரிகம் என்று நினைத்தேன். கேட்டால் என்ன பதில் வருமோ என்ற பயமும் அதற்குள் இருந்தது.

ஆட்டம் தொடங்கிய புதிதில் முத்துப்பாண்டி ஓர் அடி சொல்லிக்கொடுத்தான். வலது காலை முன்வைத்து, குனிந்து, துண்டை மண் தொட வீசி, நிமிரும்போதே முழுச் சுற்றுச் சுற்ற வேண்டும். எங்கள் ஊரைத் தவிர எங்கேயும் இது கிடையாது என்று பீற்றிக்கொண்டான். எங்களுக்கு இடுப்பு பிடித்துக்கொண்டது. செல்வம் மட்டும் முதல் தடவையே சுழன்று நின்றான்.

"அடேய் மாப்ள! எங்கிட்டுடா கத்துக்கிட்ட?" என்று முத்துப்பாண்டி வாயைப் பிளந்தான்.

"சும்மா, பாத்துக் கத்துக்கிட்டது" என்றான் செல்வம்.

அன்றிலிருந்து இருவரும் ஒட்டிக்கொண்டார்கள். வாய்க்கு வாய் மாப்ளதான். ஒரே காரில் வருவார்கள், ஒரே டப்பாவில் சாப்பிடுவார்கள்.

என் மகள் திவ்யாவையும் இழுத்துக்கொண்டு போவேன். அவள் ஒன்பதாம் வகுப்பு. சௌராஷ்டிரா கேட்டால் புரியும், தமிழ் பேசுவாள், யோசிப்பது மட்டும் ஆங்கிலத்தில். என்ன கேட்டாலும் உள்ளதை உள்ளபடி சொல்லிவிடுகிற பழக்கம் வேறு. இங்கே பள்ளிக்கூடத்தில் அதற்குப் பாராட்டுச் சான்றிதழ் கொடுக்கிறார்கள். நம் ஊரில் அதை வைத்துக்கொண்டு ஒரு தெருவைக்கூடக் கடக்க முடியாது.

3

போன சித்திரையில்தான் எல்லோருமாக ஊருக்குப் போனோம். முத்துப்பாண்டியின் சித்தப்பா திருவிழாக் கமிட்டித் தலைவர். வெளிநாட்டிலிருந்து செட்டு வந்து ஆடுகிறது என்று போஸ்டரே அடித்துவிட்டார். முத்துப்பாண்டி இரண்டு நாள் முன்னாலேயே கிராமத்துக்குப் போய்விட்டான். நாங்கள் மதுரையிலிருந்து மத்தியானம் வேன் பிடித்தோம்.

செக்கானூரணி தாண்டி ஒரு டீக்கடையில் வண்டி நின்றது. மற்றவர்கள் கடைக்குள் உட்கார, டீயும் கையுமாக நின்ற என்னைச் செல்வம் வேனுக்குப் பின்பக்கம் கூப்பிட்டான்.

"அக்கா, ஒங்ககிட்ட மட்டும் சொல்லிருறேன். நம்ம போற ஊருதான் எங்க அம்மா பொறந்த ஊரு."

"அட, சொல்லவே இல்லையே! யாரு வீடு?" என்று என் வாய் தானாகக் கேட்டுவிட்டது.

"காலனிக்கா. மேற்க, கம்மாய்க்கு அந்தப் பக்கம். மாமா செத்துட்டாரு, அத்தை இருக்கு."

என் கையிலிருந்த டீ அப்படியே ஆறிப்போனது. மதுரையில் பிறந்தவளுக்கு இதற்கு மேல் விளக்கம் வேண்டாம். அந்தக் கோயில் முன்களத்தில் காலனிக்காரர்கள் ஆடியதில்லை. அவனுடைய அம்மா சிறுபிள்ளையில் கம்மாய்க்கரையில் நின்று தூரத்திலிருந்தே ஆட்டத்தைப் பார்த்து, காலனிக்குள் வந்து ஆடிக்காட்டுவாளாம். வாடிப்பட்டிக்கு வாக்கப்பட்டுப் போனபிறகு மகனுக்கும் அதையே சொல்லிக் கொடுத்திருக்கிறாள். அவள் இப்போது இல்லை.

"முத்துப்பாண்டிக்குத் தெரியுமா?"

"யாரு கேட்டா? கேட்டுருந்தா சொல்லிருப்பேன்."

"தம்பி, வேண்டாம்ப்பா. வயித்து வலின்னு சொல்லிட்டு இப்பிடியே திரும்பிரு. நான் சமாளிச்சுக்கிறேன்."

"எங்க அம்மா கரையில நின்னு பாத்த எடத்துல ஒரு தடவ ஆடிட்டு வந்துருறேங்க்கா. யாருக்குத் தெரியப்போகுது? நான் வெளிநாட்டு ஆளு" என்று சிரித்தான். வெளிநாட்டு விமானத்தில் வந்து இறங்கினால் நம்மீது ஒட்டியிருப்பதெல்லாம் கழுவிப்போயிருக்கும் என்று நம்புகிற பைத்தியக்காரத்தனம் எங்களைப் போன்றவர்களுக்குத்தான் உண்டு. அதே பைத்தியத்தில் நானும் வேனில் ஏறினேன்.

4

வரவேற்பு தடபுடல். பந்தலில் நாற்காலி, மோர், ஆளுக்கொரு சந்தனக் கிண்ணம். சித்தப்பா வெள்ளை வேட்டியில் கைகூப்பி, "வாங்க தாயி, பயணமெல்லாம் சௌரியமா?" என்றார். அத்தனை மரியாதையான மனிதர். அந்த மரியாதையைப் பார்க்கப் பார்க்க எனக்குப் பயம் கூடிக்கொண்டே போனது.

பெண்கள் திவ்யாவைச் சூழ்ந்துகொண்டார்கள். அவள் சடையைத் தொட்டுப் பார்த்தார்கள். "அந்தத் தவுலுக்காரரு யாரு? இந்த அக்கா எந்தூரு? அந்தா நிக்குறானே செவத்த சட்டை, அவன் ஒனக்கு என்ன வேணும்?" என்று ஒன்றன்பின் ஒன்றாகக் கேட்டார்கள்.

"செல்வம் மாமா. ஹி இஸ்... அவங்க அம்மாவும் இந்தப் பக்கம்தான்னு..."

டீக்கடையில் இவள் எப்போது காதைத் தீட்டினாள் என்று தெரியவில்லை. ஓடிப்போய் அவள் கையைப் பிடித்து இழுத்தேன். "பாத்ரூம் போகணும்னு சொன்னியே, வா" என்றேன். நான் சொல்லவே இல்லையே என்று அவள் எல்லோர் முன்னாலும் ஆங்கிலத்தில் கேட்டாள். நல்லவேளை, யாருக்கும் விளங்கவில்லை.

அப்போதுதான் ஒலிபெருக்கிக் குழாயில் அறிவிப்பு வந்தது. அந்த ஊர் வழக்கம் ஒன்று உண்டு. ஆடுகிறவன் துண்டு வாங்காமல் களத்தில் கால் வைக்கக் கூடாது. ஒவ்வொருவனாக முன்னால் வந்து, தகப்பன் பெயர், ஊர், யார் வீடு என்று மைக்கில் சொல்ல வேண்டும். ஊர்ப் பெரியவர் புதுத் துண்டைத் தோளில் போடுவார். பெண்களுக்குப் பூவும் மஞ்சளும். இதை முத்துப்பாண்டி எங்களிடம் சொன்னதே இல்லை. பிறந்ததிலிருந்து பார்த்த வழக்கம், அவனுக்கு இது சொல்ல வேண்டிய விஷயமாகவே படவில்லை.

பந்தக்காலுக்குப் பின்னால் அவனை இழுத்துப்போய், செல்வத்தின் அம்மா எந்த ஊர் என்று சொன்னேன். அவன் முகத்தில் ரத்தமே இல்லை.

"என்னக்கா சொல்றீங்க? ஏன்க்கா முன்னாடியே சொல்லல?"

"எனக்கே இப்பத்தான்டா தெரியும்."

நேராகச் செல்வத்திடம் போனான். மாப்ள என்றுதான் கூப்பிடுவான் என்று எதிர்பார்த்தேன். அவன் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, "செல்வம்" என்றான். "வாடிப்பட்டின்னு மட்டும் சொல்லிரு. அது பொய்யில்லையே. மத்ததப் பெறகு பாத்துக்கிருவோம்."

செல்வம் அவனை ஒரு கணம் பார்த்தான். அந்த ஒற்றைச் சொல் மாறியதை நான் கவனித்தேன் என்றால் அவனுக்குத் தெரியாமல் போயிருக்குமா? "சரி" என்றான்.

முதலில் அப்பாஸ். "கோரிப்பாளையம், கறிக்கடை சிக்கந்தர் மகன்" என்றான். கூட்டத்தில் கைதட்டு, தோளில் துண்டு. ஜானகிக்குப் பூ. எனக்கும் பூ. நான் என் அப்பா பெயரைச் சொன்னபோது என் குரலே எனக்குக் கேட்கவில்லை. அடுத்து செல்வம் போனான்.

"வாடிப்பட்டிங்க. ராமசாமி மகன்."

சித்தப்பா துண்டை விரித்தார். அவ்வளவுதான், தப்பித்தோம் என்று மூச்சு விட்டேன். மைக் பிடித்திருந்தவர் வெள்ளந்தியான ஆள். சிரித்துக்கொண்டே, "வாடிப்பட்டியில யாரு வீடுப்பா? எங்க சகலை அங்கதான் இருக்காரு" என்றார்.

செல்வம் விரிந்திருந்த துண்டைப் பார்த்தான். எதையாவது சொல்லித் தொலையேன், ஏதோ ஒரு தெருப் பெயர், ஏதோ ஒரு கடைப் பெயர் என்று மனசுக்குள் அவனைத் திட்டினேன். அவன் மைக்கைப் பக்கத்தில் இழுத்தான்.

"எங்க அம்மா இந்த ஊருதாங்க. மேற்க காலனி. பேச்சியம்மா மகன்."

நாலு பக்கமும் கட்டியிருந்த குழாய்களில் அது போனது. மரத்தடியில் உட்கார்ந்திருந்த இளவட்டங்கள் நாலைந்து பேர் எழுந்தார்கள். நான் திவ்யாவை என் முதுகுக்குப் பின்னால் தள்ளினேன். வேன் எந்தப் பக்கம் நிற்கிறது, டிரைவர் இருக்கிறானா என்று என் கண் தேடியது.

சித்தப்பா விரித்த துண்டைப் பிடித்தபடி நின்றார். பிறகு அதை மெதுவாக மடித்தார். நாலாக மடித்து, அவன் கை தன் மீது படாமல், அவன் விரித்த உள்ளங்கையில் வைத்தார். "நேரமாகுது. ஆடுங்கப்பா" என்றார்.

ஆடினோம். அப்பாஸ் எப்போதும் போடுகிற வேகத்தில் பாதிகூடப் போடவில்லை. எழுந்த இளவட்டங்கள் கைகட்டி நின்று செல்வத்தின் காலையே பார்த்தார்கள். யாரும் கல்லெறியவில்லை, யாரும் ஏசவில்லை. அதுதான் எனக்குத் தாங்கவில்லை. என்ன செய்யப்போகிறார்கள் என்று தெரிந்தால் பயத்துக்கு ஓர் அளவு உண்டு. அந்த ஊர் அடிக்கு முறை வந்தபோது நாங்கள் எல்லோரும் தடுமாறினோம், முத்துப்பாண்டி உட்பட. செல்வம் துண்டை மண் தொட வீசிச் சுழன்று நிமிர்ந்தான். கூட்டத்தில் வயசான ஒருவர் தன்னை மறந்து "அடிரா சக்கை!" என்றார். பக்கத்தில் இருந்தவர் அவர் தொடையைத் தட்டி அடக்கினார்.

ஆட்டம் முடிந்து பந்தியில் இலை போட்டார்கள். எங்களை உட்காரச் சொன்னார்கள். ஒரு பெண் செல்வத்தின் அருகே வந்து, தரையைப் பார்த்தபடி, "தம்பிக்குப் பொட்டலமாக் கட்டித் தாரோம்" என்றாள். ஜானகிதான் முதலில் எழுந்தாள். "எங்களுக்கும் கட்டிடுங்கோ" என்றாள். முத்துப்பாண்டி எழவில்லை. சித்தப்பா அவன் தோளில் கை வைத்திருந்தார்.

5

பொழுது சாயும் நேரத்தில், முத்துப்பாண்டி இல்லாமல் கிளம்பிய வேன் கம்மாய்க்கரையில் திரும்பியபோது ஒரு பெண் கையைக் காட்டி நிறுத்தினாள். தலையில் முக்காடு, கையில் சின்னப் பை. செல்வத்தின் அத்தை. அவன் இறங்கினான். நானும் இறங்கினேன். அவள் அவன் முகத்தை இரண்டு கையாலும் வழித்தாள்.

"பேச்சி பேரக் கொழாயில கேட்டதும் எனக்கு ஒடம்பெல்லாம் ஆடிப்போச்சு மருமகனே. அந்தக் கொழாயில எங்க ஆளுக பேரு வந்ததே இல்ல. அம்புட்டு சந்தோசம்." சொல்லிவிட்டுப் பின்னால் ஊர்ப் பக்கம் திரும்பிப் பார்த்தாள். குரல் இறங்கிவிட்டது. "ஏன் ராசா இப்பிடிச் செஞ்ச? நீ வண்டியேறிப் போயிருவ. நாங்க விடிஞ்சா இவுக காட்டுக்குத்தான களையெடுக்கப் போகணும்?"

அவள் பையில் இருந்த முறுக்கை அவன் கையில் திணித்துவிட்டுக் கரையிறங்கி வேகமாகப் போனாள். வேனில் திவ்யா என் காதில், "அம்மா, நாம ஏதாவது தப்பு பண்ணிட்டமா?" என்று கேட்டாள். தூங்கு என்றேன். வேறென்ன சொல்ல?

6

திரும்பி வந்தபின் செல்வம் வாரா வாரம் அத்தைக்குப் போன் செய்தான். "நல்லாத்தான் இருக்கோம், ஒண்ணுமில்ல" என்பாள். அந்த ஒண்ணுமில்லதான் எங்களை உலுக்கி எடுத்தது. அவள் இப்போது ஊர்க் காட்டுக்குப் போவதில்லை, டவுன் பஸ் பிடித்து உசிலம்பட்டிக்குக் கூலிக்குப் போகிறாள் என்பது ஆறு மாதம் கழித்துப் பேச்சுவாக்கில் தெரிந்தது. ஏன் என்று கேட்டதற்கு, "அங்கிட்டுக் கூலி நல்லாருக்கு" என்றாள். அதற்கு மேல் கேட்கச் செல்வத்துக்குத் துணிவில்லை. எனக்கும் இல்லை.

முத்துப்பாண்டி சில வாரம் பயிற்சிக்கு வரவில்லை. வந்த அன்று எல்லோர் முன்னாலும் சொன்னான்: "வாடிப்பட்டின்னு சொல்லச் சொன்னது ஒன்னையக் காப்பாத்தவா, என்னையக் காப்பாத்திக்கவான்னு எனக்கே தெரியல மாப்ள." செல்வம், "எனக்குத் தெரியும்டா, வா, ஆடுவோம்" என்றான். ஆனால் இப்போதெல்லாம் இருவரும் தனித்தனிக் காரில்தான் வருகிறார்கள்.

இப்படியிருக்கத்தான் சித்தப்பாவின் அழைப்பு வந்து நிற்கிறது. ஒருத்தர் விடாமல் என்றால் என்ன அர்த்தம்? மனம் மாறியிருக்கிறாரா? அந்த இளவட்டங்கள் சொல்லிக் கூப்பிடுகிறாரா? முத்துப்பாண்டியைக் கேட்டேன். "அவர் கொரல்ல ஒண்ணும் தெரியலக்கா" என்றான். சொந்தச் சித்தப்பா குரலிலேயே தெரியவில்லை என்றால் நான் எதைக் கண்டேன்?

அன்று பயிற்சி முடிந்ததும் செல்வம் கூடத்திலேயே உட்கார்ந்து அத்தைக்குப் போன் போட்டான். ஸ்பீக்கரில் போட்டான், எல்லோரும் கேட்கட்டும் என்று. அங்கே அப்போதுதான் விடிந்திருந்தது. சேவல் கூவுவது கேட்டது.

"அத்தை, இந்தத் தடவையும் ஆடக் கூப்புடுறாக. நீ வேணாம்னா வரல. சத்தியமா வரல."

வேண்டாம் என்று சொல்லிவிடு தாயே என்று நான் உள்ளுக்குள் கும்பிட்டேன். அங்கே அடுப்புக்குச் சுள்ளி ஒடிக்கிற சத்தம் கேட்டது.

"வா மருமகனே" என்றாள். "வந்து ஆடு. ஆனா ஆடி முடிச்ச கையோட வண்டியேறிப் போயிராத. எங்க வீட்டுல ஒரு வாரம் இரு. மறுநாளு விடியிறப்ப நாங்க என்ன பாக்குறமோ அத நீயும் கூட இருந்து பாரு. அப்பிடின்னா வா. இல்லாட்டி அங்கனயே இருந்துக்க."

செல்வம், "இருக்கேன் அத்தை" என்றான். யோசிக்கவே இல்லை. முத்துப்பாண்டி சுவரைப் பார்த்தபடி நின்றான். நான் என் பையை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டேன், கிளம்பிவிட்டால் போதும் என்று இருந்தது.

போனில் அத்தை மறுபடி பேசினாள். "அந்த வேன்ல இருந்து எறங்கி வந்துச்சே ஒரு அக்கா, கண்ணாடி போட்டது, அதுவும் வருமா? வந்தா அதுக்கும் சேத்து ஒரு பாய் வாங்கி வைக்கிறேன்."

செல்வம் என்னைத் திரும்பிப் பார்த்தான். "அக்கா, என்ன சொல்லட்டும்?"

திவ்யாவுக்குப் பள்ளி இருக்கிறது, லீவு கிடைக்குமா தெரியாது, வீட்டுக்காரரைக் கேட்கணும் என்று என்னென்னவோ வாய்வரை வந்தது. அவள் அங்கே காத்திருந்தாள். சுள்ளி ஒடிக்கிற சத்தம்கூட நின்றுவிட்டது.

"அப்பறமாச் சொல்றேன்னு சொல்லு" என்றேன். இன்றோடு ஒரு வாரம் ஆகிறது. இன்னும் சொல்லவில்லை.